நீதியின் கதை – 11: மூன்றாம் நாள் அவிழ்ந்த கட்டு

சென்ற அத்தியாயத்தில் சத்தியம் செய்து தப்பியவர்களைப் பார்த்தோம். பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்து, "இவன் செய்த சத்தியம் சுத்தமானது" என்று ஒவ்வொருவரையும் சொல்ல வைத்துவிட்டால் வழக்கு முடிந்தது. ஊரில் நாலு பேருக்கு வேண்டியவனுக்கு அது சரிப்பட்டு வந்தது. நாலு பேர் இல்லாதவன் என்ன செய்வான்? பிழைக்க வந்த அசலூர்க்காரன், முன்பே பொய்ச்சத்தியம் செய்து மாட்டிக்கொண்டவன், அடிமை, சொந்தபந்தம் இல்லாத விதவை. இவர்கள் வாய்ச்சொல்லுக்கு மன்றத்தில் விலை கிடையாது. கண்ணால் கண்ட சாட்சியும் கிடையாது. ஆனால் மாடு காணாமல் போயிருக்கிறது, அல்லது ஆற்றங்கரையில் ஒரு பிணம் கிடக்கிறது. யாராவது ஒருவர் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

ஐரோப்பிய மன்றங்கள் அந்தப் பொறுப்பைக் கடவுளிடம் தள்ளிவிட்டன. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராங்குகளின் சாலிக் சட்டத்திலேயே கொதிக்கும் கொப்பரையில் கைவிடும் சோதனை வந்துவிட்டது. அங்கிருந்து எழுநூறு ஆண்டுகள் இந்த வழக்கம் ஓடியது. 'கடவுளின் தீர்ப்பு' என்பதே அதற்கு அவர்கள் வைத்த பெயர். அனல்வாதம், புனல்வாதம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் பெரிய அதிசயம் இருக்காது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மதுரைக் கதையில் நெருப்பில் இட்டதும் வைகையில் விட்டதும் ஏடுகளை, ஐரோப்பாவில் மனிதர்களை. (சுசீந்திரத்தில் கொதிக்கும் நெய்யில் கைவிட்ட 'கைமுக்கு' தனி அத்தியாயம் கேட்கும் விஷயம். அதற்குப் பிறகு வருவோம்.)

ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். இன்று ருமேனியாவில் இருக்கும் ஒராதியா நகரம் அன்று ஹங்கேரி அரசில் வாராட் என்ற பெயரில் இருந்தது. அங்கே பேராலயத்தில் புனித லாஸ்லோ மன்னரின் கல்லறை. நீதிபதிகள் தங்களால் தீர்க்க முடியாத வழக்குகளை அங்கே அனுப்பிவைத்தார்கள். வாதி, பிரதிவாதி, கூடவே நீதிபதியின் ஆள் ஒருவர் என்று கூட்டமாக வந்து சேர்வார்கள். பேராலயக் குருமார் ஒவ்வொரு வழக்கையும் சில வரிகளில் எழுதி வைத்தார்கள்: யார் யார்மேல் என்ன பிராது கொடுத்தார், விசாரித்தவர் யார், உடன் வந்த ஆள் யார், என்ன முடிவு. 1208 முதல் 1235 வரையிலான வழக்குகள் அதில் உள்ளன. கையெழுத்துப் பிரதி அழிந்துவிட்டது. 1550இல் கொலோஷ்வாரில் யாரோ புண்ணியவான்கள் அதை அச்சில் ஏற்றியதால் நமக்குக் கிடைத்தது.

முடிவு என்ற இடத்தில் பெரும்பாலும் ஓரிரு சொற்கள்தான். 'இரும்பைச் சுமந்து நிரபராதி ஆனான்' அல்லது 'வெந்தான்'.

இரும்பு வரை போன வழக்குகள் 308. அவற்றில் 100 வழக்குகள் கடைசி நேரத்தில் சமரசமாகியோ வேறு வகையிலோ இரும்பைத் தொடாமலே முடிந்தன. மீதி 208 பேர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி நடந்தார்கள். வெந்தவர்கள் 78. நிரபராதி ஆனவர்கள் 130.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர்! பழுத்த இரும்புக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. அடுப்படியில் தோசைக்கல்லைத் தெரியாமல் தொட்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படியிருக்க இத்தனை பேர் எப்படித் தப்பினார்கள்?

விடை அந்தச் சடங்கின் நுணுக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் நார்மன்களுக்கு முந்தைய சட்டக் குறிப்புகள் அதை ஒரு சமையல் குறிப்புபோல விவரமாகச் சொல்கின்றன. மன்னர் ஏதல்ஸ்டன் காலத்துச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவன் மூன்று நாள் முன்னதாகவே பாதிரியாரிடம் வந்துவிட வேண்டும். ரொட்டி, தண்ணீர், உப்பு, கீரை, அவ்வளவுதான் சாப்பாடு. தினமும் திருப்பலி. குறித்த நாளில் கோயிலுக்குள் நெருப்பு மூட்டியதும் பாதிரியாரும் அவனும் தவிர வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. ஒன்பது அடி தூரம் அளந்து கோடு போடுவார்கள், அதுவும் அவனுடைய காலடியாலேயே. பிறகு இரு தரப்பிலிருந்தும் இவ்விரண்டு பேர் வந்து இரும்பு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் இரு தரப்பினரும் சம எண்ணிக்கையில் உள்ளே வந்து இருபுறமும் வரிசையாக நிற்பார்கள். எல்லாரும் விரதம், முந்தின இரவு மனைவியோடு படுத்தவர் கூடாது. பாதிரியார் அனைவர் மேலும் தீர்த்தம் தெளிப்பார், ஆளுக்குக் கொஞ்சம் குடிக்கத் தருவார், நற்செய்தி நூலையும் சிலுவையையும் முத்தமிடச் சொல்வார். செபத்தைத் தவிர ஒரு பேச்சு கூடாது.

இதற்கெல்லாம் நடுவே ஒரு விதி ஒளிந்திருக்கிறது: மந்திரிப்பு தொடங்கியபின் யாரும் நெருப்பைத் தூண்டிவிடக் கூடாது. கடைசி செபம் முடியும் வரை இரும்பு அப்படியே கரியின் மேல் கிடக்க வேண்டும். பிறகு அதை எடுத்துத் தாங்கிகளின் மேல் வைப்பார்கள். செபம் எவ்வளவு நீளம் என்பதைத் தீர்மானிப்பவர் பாதிரியார். மூன்று நாள் அவனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவரும் அவரே.

சாதாரணக் குற்றத்துக்கு ஒரு ராத்தல் இரும்பு, பெருங்குற்றத்துக்கு மூன்று ராத்தல். ஒன்பது அடி நடந்து, கோட்டைத் தாண்டியதும் இரும்பை எறிந்துவிட்டுப் பலிபீடத்தை நோக்கி ஓடுவான். உள்ளங்கையில் துணி சுற்றி, கட்டின்மேல் முத்திரை வைப்பார்கள். மூன்றாம் நாள் முத்திரை உடைத்துக் கட்டை அவிழ்ப்பார்கள்.

கை வெந்ததா இல்லையா என்பது அப்போது கேள்வியே அல்ல. எல்லார் கையும் வெந்துதான் இருக்கும். புண் சுத்தமாக ஆறிவருகிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்பதே கேள்வி. மூன்று நாளான தீப்புண் ஒன்றை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது ஆறுகிறதா அழுகுகிறதா என்பதில் மருத்துவர்கள்கூட இரண்டு கட்சியாகப் பிரியலாம். அந்த அரைகுறை வெளிச்சத்தில் குனிந்து பார்த்து ஒரு சொல் சொன்னது பாதிரியார்.

பீட்டர் லீசன் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் இதைச் சாமர்த்தியமாக விளக்குகிறார். கடவுள் உண்மையைக் காட்டிவிடுவார் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், குற்றம் செய்தவன் இரும்பைத் தொடப் பயந்து ஒப்புக்கொள்வான் அல்லது சமரசத்துக்கு வருவான். செய்யாதவன்தான் துணிந்து முன்வருவான். இது பாதிரியாருக்கும் தெரியும். ஆகவே முன்வந்தவனைக் காப்பாற்றும்படி அவர் இரும்பின் சூட்டைப் பார்த்துக்கொண்டார் என்கிறார். வாராட்டில் சமரசமான அந்த நூறு வழக்குகளைப் பார்த்தால் பாதி நம்பத் தோன்றுகிறது. மீதிப் பாதியில் எனக்குத் தயக்கம் உண்டு. எல்லாப் பாதிரியாரும் இப்படிக் கணக்குப் போட்டு ஏமாற்றினார்கள் என்பது நம் காலத்துக் கெட்டிக்காரத்தனத்தை அவர்கள் தலையில் கட்டுவது. அவர்களில் பலர் மனதார நம்பியிருப்பார்கள். நம்பிக்கையோடு பார்க்கும் கண்ணுக்கே ஒருவனுடைய புண் ஆறுவதாகவும் இன்னொருவனுடையது அழுகுவதாகவும் தெரிந்திருக்கலாம். எப்படியானாலும் தீர்ப்பு சொன்னது ஒரு மனிதன். பழி மட்டும் அவன்மேல் விழவில்லை.

நீர்ச் சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆளைக் குந்தவைத்துக் கைகளை முழங்காலுக்குக் கீழே கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மந்திரித்த குளத்தில் மெல்ல இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, உடனே தூக்கிவிடுவார்கள். மிதந்தால் குற்றவாளி. திருமுழுக்குக்கு உரிய புனித நீர் பாவியை ஏற்காமல் வெளியே தள்ளும் என்பது வாதம். மூழ்கினாலும் சாவு, மிதந்தாலும் சாவு என்று பள்ளிப் புத்தகங்கள் கேலி செய்வது சரியல்ல. கயிறு எதற்காக இருந்தது என்று யோசித்தாலே போதும். இங்கிலாந்தில் சுதந்திரக் குடிமகனுக்கு இரும்பு, பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடியானவனுக்கு நீர் என்று 12ஆம் நூற்றாண்டு நூலான 'கிளான்வில்' பிரித்துச் சொல்கிறது. கடவுளின் தீர்ப்பிலும் ஆளுக்கேற்ற வாசல் இருந்திருக்கிறது.

தப்பிப்பவர்கள் அதிகமாக இருந்தது அரசர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் வில்லியம், அதாவது வில்லியம் ரூஃபஸ், தன் காட்டு மானை அடித்துத் தின்றதாக ஐம்பது பேரைப் பிடித்து இரும்பு ஏந்த வைத்தான். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தால் ஐம்பது கையும் சுத்தம். கடவுளின் நியாயத்தில் இனி நம்பிக்கையில்லை, இதுபோன்ற வழக்குகளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மன்னன் குதித்ததாக ஈட்மர் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். ஐம்பது பேரும் பழைய ஆங்கிலேயக் குடும்பத்தார், மன்னன் நார்மன். கட்டை அவிழ்த்தவர்களின் அனுதாபம் எந்தப் பக்கம் என்று ஊகிக்க ஈட்மர் தேவையில்லை.

ரூஃபஸ் கத்தியதை இரண்டாம் ஹென்றி சட்டமாக எழுதினான். 1166இல் வெளியான கிளாரெண்டன் ஆணை, வட்டாரத்துக்குப் பன்னிரண்டு பேர் கூடித் தங்கள் பகுதியில் கொள்ளைக்காரன், கொலைகாரன், திருடன் என்று பெயரெடுத்தவர்களைச் சொல்ல வேண்டும் என்றது. பெயர் சொல்லப்பட்டவர்களுக்கு நீர்ச் சோதனை. நாடு முழுக்கக் குழிகள் வெட்டினார்கள். மந்திரித்த பாதிரியார்களுக்குக் கொடுத்த கூலி அரசாங்கக் கணக்குச் சுருள்களில் இன்றும் இருக்கிறது. தோற்றவனுக்கு ஒரு கால் போகும். பத்து ஆண்டு கழித்து வந்த நார்தாம்டன் ஆணையில் வலது கையும் சேர்ந்தது. வேடிக்கை எங்கே என்றால், ஜெயித்தவனைப் பற்றிய விதியில். சோதனையில் தேறினாலும் ஊரில் ரொம்பக் கெட்ட பெயர் உள்ளவன் எட்டு நாளுக்குள் கடல் தாண்டிப் போய்விட வேண்டும், காற்று தடுத்தால் ஒழிய. கடவுள் விடுதலை செய்தவனை அரசன் நாடு கடத்துகிறான். காற்றுக்கு மட்டும் விதிவிலக்கு.

ஆனாலும் இரும்பின் மேல் இருந்த நம்பிக்கை மேலிடங்களில்கூட உடனே போய்விடவில்லை. நோர்வேயில் ஒரு ராஜ்யமே ஒரு பெண்ணின் உள்ளங்கையில் நின்றது.

மூன்றாம் ஹாகோன் மன்னர் 1204 ஜனவரி முதல் நாள் இறந்தார். சில மாதம் கழித்து வார்டெய்க் என்ற ஊரைச் சேர்ந்த இங்கா ஒரு ஆண் குழந்தையைப் பெற்றாள். மன்னரின் பிள்ளை என்றாள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். மன்னரின் ஆட்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டைகளில் மலை கடந்து ஓடிய கதையை நோர்வேக்காரர்கள் இன்றும் ஆண்டுதோறும் பந்தயம் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 1217இல் அந்தப் பையனுக்குப் பதின்மூன்று வயது, அரியணை காலியானது. அவன் மன்னரின் ரத்தம்தானா என்று ஆயர்கள் இழுத்தார்கள். ஸ்கூலே என்ற பிரபு அரியணையில் கண் வைத்திருந்தார். தாய் ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். தாய் சொல்லை யார் நம்புவது?

1218இல் பெர்கன் நகரில் இங்கா இரும்பை ஏந்தினாள். சோதனைக்கு முன்பு, கையை ஆற்றும் மூலிகை தருகிறேன் என்று பையன் தரப்பிடம் ஒருவன் ரகசியமாக வந்ததாகவும், அது மாட்டிவிடும் சூழ்ச்சி என்று புரிந்து அவர்கள் மறுத்ததாகவும் ஹாகோனின் சாகா சொல்கிறது. அப்படி ஒரு மூலிகைப் பேரம் அந்தக் காலத்தவர் மனதில் தோன்றியிருக்கிறது என்பதே போதும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. கட்டை அவிழ்த்தபோது கை சுத்தம். பையன் நான்காம் ஹாகோனாக 1263 வரை ஆண்டார். 1247இல் அதே பெர்கனில் அவருக்கு முடிசூட்டப் போப்பின் தூதராக வந்த கர்தினால் வில்லியம், மனித வழக்குகளில் சாட்சி சொல்லும்படி கடவுளை வற்புறுத்துவது கிறித்தவர்களுக்கு அழகல்ல என்று சொல்லி இரும்புச் சோதனையை நோர்வேயில் நிறுத்தினார். மன்னரின் முகம் எப்படி இருந்ததோ.

கர்தினால் சொன்னது அவருடைய சொந்தக் கருத்தல்ல. அதற்கு முன்பே பாரிசில் அது முற்றியிருந்தது. நோத்ர தாம் பேராலயத்தில் பாடகர் குழுத் தலைவராகவும் இறையியல் ஆசிரியராகவும் இருந்த பீட்டர், மாணவர்களிடம் ஒரு வழக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வார். இரண்டு ஆங்கிலேயர் ஜெருசலேமுக்கு யாத்திரை போனார்கள். ஒருவன் மட்டும் ஊர் திரும்பினான். கூட வந்தவனைக் கொன்றுவிட்டான் என்று பிடித்து நீரில் இறக்கினார்கள், தோற்றான், தூக்கில் போட்டார்கள். கொஞ்ச நாளில் மற்றவன் வந்து சேர்ந்தான். திரும்பும் வழியில் ஸ்பெயினில் சந்தியாகோ திருத்தலத்துக்கும் போய்வந்தானாம்.

பீட்டர் 1197இல் இறந்தார். மறு ஆண்டு போப் ஆன மூன்றாம் இன்னசென்ட்டும் பாரிசில் படித்தவர். 1215 நவம்பரில் ரோமில் அவர் கூட்டிய நான்காம் லாத்தரன் சங்கம் தன் 18ஆம் விதியில் குருமார்கள் மரண தண்டனை எழுதவோ சொல்லவோ கூடாது, அறுத்துச் சுட்டுச் செய்யும் ரணசிகிச்சையில் இறங்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லி வந்து, போகிறபோக்கில் இன்னொன்றையும் சேர்த்தது: நீர், இரும்புச் சோதனைகளுக்கு எந்தக் குருவும் மந்திரிக்கக் கூடாது. சோதனையே கூடாது என்று அரசர்களுக்கு உத்தரவிடவில்லை. பாதிரியாரை மட்டும் அங்கிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவர் போனபின் மிஞ்சியது வெறும் சூடான இரும்பு. 1231இல் இரண்டாம் பிரெடரிக் பேரரசர் தெற்கு இத்தாலிக்கு எழுதிய சட்டத்தில், காய்ச்சிய இரும்பு காரணமே இல்லாமல் ஆறிவிடும் என்று நம்புகிறவர்களைப் பார்த்துச் சிரித்தே விட்டார். வாராட் குருமார் மட்டும் ரோமின் விதி காதில் விழாதவர்கள்போல இன்னும் இருபது ஆண்டு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையான திண்டாட்டம் இங்கிலாந்தில். 1219 தொடக்கத்தில் ஊர் ஊராகப் போய் வழக்கு கேட்க நீதிபதிகள் கிளம்பினார்கள். அரசர் மூன்றாம் ஹென்றிக்குப் பதினொரு வயது. அவர் பெயரில் ஆட்சி நடத்திய சபை ஜனவரி 26ஆம் தேதி அவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. ரோம் சோதனையைத் தடுத்துவிட்டது; அதற்குப் பதில் என்ன என்று இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை; ஆகவே பெருங்குற்றச் சந்தேகம் உள்ளவர்களைச் சிறையில் வையுங்கள், நடுத்தரமானவர்கள் நாட்டைவிட்டுப் போகட்டும், சிறு குற்றத்துக்கு ஜாமீன் வாங்கிக்கொள்ளுங்கள்; மற்றவை உங்கள் விவேகத்துக்கும் மனசாட்சிக்கும். அரசாங்கக் கடிதங்களில் இவ்வளவு வெளிப்படையான கைவிரிப்பை நான் அதிகம் படித்ததில்லை.

கண்டத்து நாடுகள் ரோமானியச் சட்டத்தின் பக்கம் போயின. இரண்டு கண்கண்ட சாட்சி வேண்டும், இல்லையேல் குற்றவாளியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலை எப்படி வரவழைப்பது? 1252இல் நான்காம் இன்னசென்ட் மதத் துரோக வழக்குகளில் சித்திரவதைக்கு அனுமதி தந்தார். ஊர் மன்றங்களில் அது அதற்கு முன்பே தலைகாட்டியிருந்தது. இரும்பை எடுத்துவிட்டு வேறு இரும்பைக் கொண்டுவந்தார்கள்.

இங்கிலாந்து நீதிபதிகளுக்குப் பக்கத்திலேயே வேறொன்று இருந்தது. சந்தேகப்பட்டவர்களின் பெயர் சொல்ல இரண்டாம் ஹென்றி உட்கார வைத்த அதே ஊர்க்காரர்கள். யார் மேல் சந்தேகம் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, செய்தானா இல்லையா என்றும் சொல்லத் தெரியாதா? 1220இல் வெஸ்ட்மின்ஸ்டரில், தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆலிஸ் என்ற பெண் ஐந்து பேரைக் காட்டிக்கொடுத்தாள். முன்பென்றால் நேராகக் குளத்துக்கு. இப்போது ஐவரும், நல்லதோ கெட்டதோ, அக்கம்பக்கத்தாரின் வார்த்தைக்குக் கட்டுப்படுகிறோம் என்றார்கள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஒருவன் நல்லவன், மற்ற நாலு பேர் திருடர்கள் என்றார்கள். நாலு பேரும் தூக்கில் தொங்கினார்கள். திருப்பலி இல்லை, மூன்று நாள் காத்திருப்பு இல்லை, முத்திரை இல்லை. சொன்னவர்கள் அன்று மாலை அதே ஊருக்கு, தூக்கில் போனவர்களின் வீட்டு வழியாகத்தான் திரும்பியிருக்க வேண்டும்.

எல்லாரும் இப்படிச் சம்மதிக்கவில்லை. கடவுள் கேட்டால் பதில் சொல்வேன், பக்கத்து வீட்டுக்காரன் யார் என் உயிரைத் தீர்மானிக்க என்று வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள் இருந்தார்கள். இந்த அக்கம்பக்கத்தார் குழுவுக்கு, அதாவது ஜூரிக்கு, சம்மதிக்காதவனை ஜூரியின் முன் நிறுத்த முடியாது என்பது அன்றைய விதி. 1275இல் முதலாம் எட்வர்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அப்படிப்பட்டவர்களைக் கடுஞ்சிறையில் போடச் சொன்னது. முதலில் சாப்பாட்டைக் குறைத்தார்கள். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து மார்பின் மேல் பாரம் ஏற்றினார்கள். ஒரு வார்த்தை சொன்னால் பாரத்தை இறக்கிவிடுவார்கள் என்று தெரிந்தும் வாய் திறக்காமலே செத்தவர்கள் உண்டு. அவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நிலம் மிஞ்ச வேண்டுமென்று கணக்குப் போட்டவர்கள். அந்தக் கணக்கு அடுத்த அத்தியாயத்தில்.